வரம்பில் முளைத்த காடு

கீர்த்தனா கோயம்புத்தூர்ப் பிள்ளை. நான் ஓய்வு பெற்ற பிறகு, நான் வேலை செய்த அதே பூங்காவில் வந்து சேர்ந்தவள். பூங்கா என்றதும் ஊஞ்சலையும் ரோசாச் செடியையும் நினைக்க வேண்டாம். ஆக்லாந்தின் தெற்கு ஓரம், பாபகூராவுக்குக் கிழக்கே, மலையைச் சுற்றிக் காடும் மேய்ச்சல் நிலமும் ஓடையுமாகக் கிடக்கிற பொது நிலம் அது. போன மாதம் ஒருநாள் வீட்டுக் கதவைத் தட்டி, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ட்ரோனை மேலே விட்டு எடுத்த படம்.

"அங்கிள், இந்தச் சரிவுல மரமெல்லாம் கட்டம் கட்டமா நிக்குது பாருங்க. ஆபீஸ்ல யாருக்கும் காரணம் தெரியல. இங்க முன்னாடி கட்டடம் ஏதாவது இருந்துச்சா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கரும்பச்சைக் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, ஒரு சரிவு முழுவதும். கோடுகளுக்கு நடுவே வெளிறிய சதுரங்கள். எந்தச் சரிவென்று உடனே தெரிந்துவிட்டது. அந்தச் சரிவில் நான் எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன். ஆனால் மேலேயிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

"இரு பிள்ளை, தேத்தண்ணி போடுறன். இது ஒரு கோப்பையோட முடியிற கதை இல்லை" என்றேன். கேட்டு முடித்தபின், இதை எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளனாக இருந்தவன். எங்கள் குடும்பம் தோட்டக்காரக் குடும்பம்தான், ஆனால் மண்வெட்டியைக் கண்டால் ஓடி ஒளிக்கிற ஆள் நான். விதி என்னைக் கடல் கடந்து கொண்டுவந்து, அதே மண்வெட்டியைக் கையில் தந்தது. முதலில் மனுகாவில் கடைத்தொகுதியில் நிலம் துடைத்தேன். பிறகு பூங்காவில் தற்காலிக வேலையாள். வேலி அடிப்பது, புல் வெட்டுவது, பாதையில் விழுந்த மரம் அறுப்பது. இதற்குள் ஒரு வருடம் போய்விட்டது.

எனக்கு மேலே இருந்தவர் பெவ். பூங்காவின் மூத்த காவலர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஒல்லியான, வெயிலில் காய்ந்த பெண்மணி. வாயில் இருந்து சொல் வருவது அபூர்வம். ஒரு வேலையை நாங்கள் உயிரைக் கொடுத்துச் செய்து முடித்தாலும் "நொட் பாட்", பரவாயில்லை, என்பார், அவ்வளவுதான். அந்த "நொட் பாட்" கிடைப்பதற்காக நான் மழையில் நின்று வேலி அடித்திருக்கிறேன் என்றால் நம்புங்கள்.

ஒரு நிலத்தைப் பற்றி ஏதாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் பெவ் முதலில் ஒரு குழி வெட்டுவார். முழங்கை ஆழம், சதுரமாக, பக்கங்கள் வெண்ணெய் வெட்டினதுபோல நேராக. அதில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் சாப்பிடுவார். பேச்சில்லை. சாப்பிட்டு முடியும்போது தண்ணீர் இறங்கியிருந்தால் முகம் தெளியும். அப்படியே நின்றால், சாண்ட்விச் சுற்றின காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவார். நான் என்ன ஏது என்று கேட்டதில்லை. பெரியவர்களுக்கு ஆளுக்கொரு பழக்கம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இந்தச் சரிவு இரண்டு காட்டுத் துண்டுகளுக்கு நடுவே இருந்தது. அங்கே முன்பு மாடு மேய்ந்தது. குளிர்காலம் முடிகிற நேரத்தில் காட்டில் பழம் இருக்காது. அப்போது இந்த நாட்டுக் காட்டுப் புறா, கெரெரூ என்பார்கள், இலைக்கும் பூவுக்கும் அலையும். இரண்டு காட்டுக்கும் நடுவே அதற்கு ஒரு சாப்பாட்டு நிலம் போட வேண்டும் என்பது பெவ்வின் பல வருட ஆசை. நகர மையத்தில் இருந்த எங்கள் மேலதிகாரிகள் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் காசு தரமாட்டார்கள். மூன்று குளிர்காலம் தவணை. அதற்குள் புறா வந்தால் சரிவு புறாவுக்கு. வராவிட்டால் திரும்பவும் மாட்டுக்காரருக்கு வாடகைக்கு. அந்த நிலத்தைப் பார்க்கவென்றுதான் என்னைத் தொடர்ந்து வைத்திருந்தார்கள். புறா வந்தால் நிரந்தர வேலை. வராவிட்டால் நானும் வீட்டுக்கு. என் மனைவியும் மகளும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். நிரந்தர வேலை இருந்தால்தான் அவர்களைக் கூப்பிட வழி பிறக்கும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். ஆகவே, ஒரு புறாவின் வயிறும் என் குடும்பமும் ஒரே முடிச்சில் கிடந்தன.

அந்தப் புறாவை நான் முதன்முதலில் அறிந்தது காதால். நானும் பெவ்வும் சரிவில் வேலிக்கட்டை பிடுங்கிக்கொண்டு நின்றோம். தலைக்கு மேலே திடீரென்று காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. அடுத்த கணம் நான் சேற்றில் குப்புறக் கிடந்தேன். இரண்டு கையும் தலைக்கு மேல். ஊரில் போர்க்காலத்தில் ஷெல் குண்டு வருகிற சத்தத்துக்கு எங்கள் உடம்பு படித்து வைத்திருந்த பாடம் அது, மூளையைக் கேட்காது. தலையைத் தூக்கிப் பார்த்தால் பெவ் அப்படியே நிற்கிறார். மேலே மரத்தில் ஒரு கோழி அளவு புறா, பச்சைக் கழுத்தும் வெள்ளைப் பெனியன் போட்டதுபோல நெஞ்சுமாக, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிறகடியில் அவ்வளவு சத்தம்! பெவ் சிரிக்கவில்லை. ஏன் விழுந்தாய் என்றும் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு எங்கே வேலை செய்தாலும், தூரத்தில் புறாவைக் கண்டால் எனக்கு முன்கூட்டியே "சிவா, புறா" என்று ஒரு குரல் கொடுப்பார். வேலையை விட்டுப் போகும்வரை அதை மறக்கவில்லை.

நிலம் பண்படுத்துகிற வேலை அடுத்த கோடையில் தொடங்கியது. காசில்லாத நிலம் பண்படுத்துவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் சொல்லுவேன். முதலில் பக்கத்து மாட்டுக்காரரிடம் போய், உங்கள் மாட்டை எங்கள் சரிவில் விடுங்கள் என்று கேட்க வேண்டும். அவருக்கு இலவசப் புல், எங்களுக்கு இலவச வெட்டு. ஆனால் மழை தொடங்குமுன் மாட்டை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈர மண்ணை மிதித்துக் களியாக்கிவிடும். மாடு மேய்ந்த பிறகும் கிகூயூ புல் சாகாது. அதைப் போல ஒரு புல்லை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. ஆபிரிக்காவில் இருந்து வந்ததாம். கயிறு கயிறாக நிலத்துக்கு மேலேயும் கீழேயும் ஓடும். அறுத்தால் அறுத்த துண்டெல்லாம் முளைக்கும். ஒரு கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன், வந்துகொண்டே இருந்தது. எரிச்சலோடு ஒரு மரியாதையும் எனக்கு அதன்மேல் வந்தது.

மருந்து அடிக்கப் பணம் இல்லை. பெவ் பழைய கம்பளம் என்றார். வீடுகளில் தரையில் ஒட்டியிருக்கிற கம்பளத்தைப் பிய்த்து எறிவார்களே, அது. கம்பளி நூல் கம்பளம் மட்டும்தான், ஏனென்றால் அது மண்ணோடு மண்ணாக உக்கும். நைலோன் உக்காது. ஒரு மூலையில் நெருப்புக் குச்சியைப் பிடித்து, தலைமயிர் எரிகிற மணம் வந்தால் எடு, பிளாஸ்டிக் மணம் வந்தால் விடு என்று காட்டித் தந்தார். கம்பளம் ஒட்டும் வேலை செய்த நம்மவர்கள் சிலர் இருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபம் வாடகைக்கு எடுத்துப் பூசை செய்வோம், அங்கே சொல்லிவைத்தேன். கம்பளம் வந்து குவிந்தது. சிவப்புப் பூப் போட்டது, நீலச் சுழி போட்டது, நாய் கடித்தது. எல்லாவற்றையும் கவிழ்த்தும் நிமிர்த்தியும் சரிவு முழுக்க விரித்தோம். சுவர் இல்லாத ஒரு பெரிய வீடு மலையில் கிடந்ததுபோல இருந்தது. தெருவில் போனவர்கள், யாரோ குப்பை கொட்டுகிறார்கள் என்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் முறையிட்டார்கள்.

விதையும் காசு கொடுத்து வாங்கவில்லை. லூசர்ன் மரம் என்று ஒன்று, அகத்தியின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விறுவிறென்று வளரும், குளிர்காலத்தில் வெள்ளையாகப் பூக்கும், அதன் இலை என்றால் புறாவுக்கு உயிர். தெருவோரங்களில் நின்ற மரங்களில் கோடை வெயிலில் காய் படபடவென்று வெடிக்கும். நம்மவர் வீடுகளில் வாங்கிய பழைய சேலையைக் கீழே விரித்துப் பிடித்தோம். விதையின் தோல் கல்லு. கொதித்த தண்ணீரை ஊற்றி ஊறவிட்டால்தான் திறக்கும். உயிருள்ள விதையின்மேல் கொதிதண்ணீர் ஊற்றச் சொன்னபோது எனக்குக் கை வரவில்லை, பெவ்தான் ஊற்றினார். இரண்டாம் நாள் காலையில் விதை எல்லாம் வீங்கி, தோல் பிளந்து நின்றது. அதை அதிசயம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது. பால் பெட்டிகளில் மண் போட்டு நட்டோம். ஒவ்வொரு பெட்டியிலும், பெரிய லூசர்ன் மரத்தடியில் இருந்து அள்ளிவந்த மண் ஒரு கரண்டி போடச் சொன்னார். வேரோடு சேர்ந்து வாழ்கிற கிருமி அதில் வருமாம். தயிருக்கு உறை குத்துவதுதான் எனக்கு நினைவு வந்தது.

முதலாவது குளிர்காலம் வந்தது. கம்பளத்தைச் சுருட்டி எடுத்தால், கீழே புல் செத்து வெளுத்து, மண் மண்புழுவோடு ஈரமாகக் கிடந்தது. பெவ் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, சாண்ட்விச் சாப்பிட்டார். தண்ணீர் இறங்கவில்லை. காகிதத்தை மடித்தார். மண்ணைப் புரட்டாதே, மண்வெட்டியால் கீறி, கன்றை நுழைத்து, காலால் மிதித்துவிட்டுப் போ, மேட்டுப் பக்கமாகப் பார்த்து நடு என்று எனக்குச் சொல்லிவிட்டு, தெற்குத் தீவில் இருந்த தமக்கையைப் பார்க்க ஒரு வாரம் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் நடுகைக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் மாணிக்கண்ணை. யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் போட்டு நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். மகன் கூப்பிட்டு இங்கே வந்து, வேலையில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கூடவே மனைவி புனிதமக்கா. நான் கீறி நடுவதைச் செய்து காட்டினேன். அண்ணை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இது நடுறதோ, ஒளிச்சு வைக்கிறதோ?"

பிறகு அவர் பெவ்வின் குழியைக் கண்டார். முதல் நாள் ஊற்றின தண்ணீர் அப்படியே நின்றது. அண்ணை குந்தியிருந்து, கையால் தண்ணீரைத் தொட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் கோயிலில் தீபம் பார்க்கிற முகம்.

"தம்பி, நேற்று ஊத்தின தண்ணியெண்டோ சொல்லுறாய்? இண்டைக்கும் நிக்குதெல்லோ! எங்கட செம்மண்ணில ஊத்த ஊத்தக் குடிச்சுக்கொண்டே இருக்கும். இப்பிடி ஒரு மண்ணுக்கு நான் எத்தினை வருசம் ஏங்கினனான் தெரியுமே? இதை வைச்சுக்கொண்டு உந்த மனுசி கீறி நடச் சொல்லுறாவே?"

அதற்குப் பிறகு என் பேச்சு எடுபடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. தண்ணீர் நிற்கிற மண் கெட்ட மண் என்று எந்த யாழ்ப்பாணத்தானுக்குத் தோன்றும்? அண்ணை கயிறு பிடித்தார். சரிவைப் படிபடியாக வெட்டிச் சமப்படுத்தி, பாத்தி கட்டத் தொடங்கினார். ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்றோம். மண்ணைக் கொத்தி, உடைத்து, சுற்றிவர வரம்பு இழுத்து, நடுவில் பள்ளமாக, தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகாதபடி. எனக்கும் ஒரு வரிசை தந்தார்கள். நான் கட்டின பாத்தி கோணலாகப் போய்விட்டது. அண்ணை பார்த்துவிட்டு, பஸ் வளைவில் திரும்புகிற மாதிரிக் கட்டியிருக்கிறாய் என்றார், எல்லோரும் சிரித்தார்கள். பொழுது சாய்கிறபோது பாத்தி பாத்தியாக, நடுவில் ஒவ்வொரு கன்றோடு, சரிவு அவ்வளவு வடிவாக இருந்தது. பலகாலத்துக்குப் பிறகு இவர் நிமிர்ந்து நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று புனிதமக்கா சொன்னார்.

திங்களன்று மழை தொடங்கியது. ஆக்லாந்து மழையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாரம் முழுக்க விடவில்லை. நான் போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு பாத்தியும் விளிம்பு முட்டத் தண்ணீர். கன்றுகளின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டு வாத்துகள் மேல் வரிசையில் நீந்திக்கொண்டிருந்தன. புறாவுக்குச் சாப்பாடு போடப் போன இடத்தில் வாத்துக்குக் குளம் வெட்டி வைத்திருந்தோம். லூசர்ன் வேர் தண்ணீரில் நின்றால் சில நாளில் அழுகிவிடும், அது எனக்குத் தெரியும். இன்னொரு தொகுதிக் கன்று இல்லை. விதை எடுக்க அடுத்த கோடை வரவேண்டும், அப்படியென்றால் ஒரு குளிர்காலம் போய்விட்டது. லொட்ஜ் அறைதான் கண்ணுக்குள் வந்தது.

பெவ் சனிக்கிழமை திரும்பி வந்தார். நம்மவர்களும் செய்தி கேட்டு வந்துவிட்டார்கள். மாணிக்கண்ணை தொப்பி நனைய ஒரு பக்கம் நின்றார். பெவ் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நடந்தார். நடுவரிசையில் முழந்தாளில் இருந்து, தண்ணீரைப் பார்க்காமல், வரம்புக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டார். எடுத்துப் பிசைந்தார். கொத்தி உடைத்துக் குவித்த மண், அவ்வளவு மழையிலும் பொலபொலவென்று உதிர்ந்தது. கையை முகர்ந்தார். இன்னொரு வரம்பில் கையை விட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "இந்தச் சுவர்களைக் கட்டியது யார்?"

நான் மாணிக்கண்ணையைக் காட்டினேன். பெவ் எழும்பிப் போய், அவருக்கு முன்னால் நின்று சொன்னார்: "இந்த நாட்டில் இப்படி மண்ணை உடைக்க எனக்கு யந்திரம் வேண்டும், அதற்குக் காசு இல்லை. கன்றைக் குளத்தில் இருந்து எடுத்து உங்கள் சுவரின்மேல் வையுங்கள்."

நான் தமிழில் சொன்னேன். அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது.

"வரம்பில நடுறதோ? வரம்பு நடக்கிறதுக்கு. நாப்பது வருசத் தோட்டக்காரன் நான். வரம்பில பயிர் வைச்சவனெண்டு பேர் எடுக்கச் சொல்லுறியோ?"

விறுக்கென்று போய், எல்லோரும் வந்த வான் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். புனிதமக்காதான் முதலில் சேலையை இழுத்துச் செருகி, பாத்திக்குள் இறங்கி, ஒரு கன்றை வேரோடும் மண்ணோடும் தூக்கி வரம்பின் முதுகில் வைத்தார். நாங்களும் இறங்கினோம். ஆனால் எங்களுக்கு அந்தக் கை இல்லை. வரம்பு உடைந்தது, கன்று சாய்ந்தது. வண்டிக் கண்ணாடிக்குள் அண்ணையின் தலை திரும்புவதும், படிந்த ஆவியைக் கையால் துடைப்பதும் தெரிந்தது. கடைசியில் பொறுக்க மாட்டாமல் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "தள்ளு, தள்ளு. வைக்கிறதெண்டால் ஒழுங்காய் வையுங்கோவன்" என்று எங்களை ஏசிக்கொண்டே மண்வெட்டியை வாங்கினார்.

பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கன்றுகள் எல்லாம் வரம்புக்கு ஏறிய பிறகு அண்ணை மேல் வரிசைக்குப் போனார். தோட்டத்தில் தண்ணி மாறுகிறபோது வரம்பை ஒரு வெட்டு வெட்டித் தண்ணீரை அடுத்த பாத்திக்கு விடுவார்களே, அதே வெட்டு. ஒரே வெட்டு, மண் ஒரு பக்கம் புரண்டது. தண்ணீர் அடுத்த பாத்திக்குள் குதித்தது. அதை வெட்டினார். அது அடுத்ததற்கு. சரிவு முழுக்கப் படிப்படியாக, பாத்திக்குப் பாத்தி, பழுப்புத் தண்ணீர் இறங்கி இறங்கி, கடைசி வரிசையைத் தாண்டி ஓடையில் போய் விழுந்தது. வாழ்நாளெல்லாம் தண்ணீரை உள்ளே விட வரம்பு வெட்டின மனிதர், அன்றைக்கு வெளியே விட வெட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நனைந்தபடி நின்றோம். பெவ் மெதுவாக "நொட் பாட்" என்றார்.

கன்றில் பெரும்பகுதி பிழைத்தது. அடுத்த ஆண்டு இடுப்பளவு, அதற்கு அடுத்த ஆண்டு என் தலைக்கு மேலே. மூன்றாவது குளிர்காலத்தில் சரிவெல்லாம் வெள்ளைப் பூ, தேனீ இரைச்சல். புறாவைத்தான் காணோம். நான் வேலை தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் போய் நின்று வானத்தைப் பார்ப்பேன். பக்கத்துக் காட்டின் மேலால் பறக்கும், எங்கள் பக்கம் திரும்பாது. அதிகாரிகள் பார்க்க வருகிற நாள் வந்துவிட்டது. அதற்குள்ளே கொழும்புக்கு என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்க்கவும் தொடங்கியிருந்தேன்.

அன்றைக்கு மாணிக்கண்ணை, புனிதமக்கா, இன்னும் நடுகைக்கு வந்த சிலர், எல்லோரும் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, அலைந்து, வந்து சேர்ந்து சில மாதமே ஆனவர்களும் அவர்களில் இருந்தார்கள். நகரத்தில் இருந்து இரண்டு அதிகாரிகள் மழைச் சட்டையோடு வந்தார்கள். மூத்தவர் நல்ல மனிதர்தான். மரம் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது, ஆனால் நாங்கள் கேட்டது மரம் இல்லையே, என்றார். பெவ் அவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அதனால் வானத்தைப் பார்க்கவில்லை. அதனால் குரல் கொடுக்கவில்லை.

பின்பக்கத்துக் காட்டில் இருந்து வந்தது சத்தம். ஒன்று அல்ல. காற்று கிழிந்து, இன்னும் கிழிந்து, எங்கள் தலைக்கு நேர் மேலே. நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிலத்தில் விழுந்தோம். புனிதமக்கா பக்கத்தில் நின்ற யாரோ ஒரு சின்னப் பிள்ளையைத் தனக்குக் கீழே இழுத்துக்கொண்டு விழுந்தார். எல்லாம் தெரிந்த நானும் விழுந்தேன். முகத்தில் ஈர மண். வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.

வெடிக்கவில்லை. தலைக்கு மேலே கிளை முறுகுகிற சத்தம் கேட்டது. பிறகு இலை கிழிகிற சத்தம்.

கண்ணைத் திறந்தேன். எனக்குப் பக்கத்தில் பெவ் கிடந்தார். பயந்து விழவில்லை. நாங்கள் மட்டும் கிடக்கக்கூடாதென்று, மெல்ல மண்டியிட்டு, எங்களோடு நெஞ்சு மண்ணில் படப் படுத்திருந்தார். அதைக் கண்டு அந்த அதிகாரிகளும், காரணம் விளங்கியோ விளங்காமலோ, நல்ல காற்சட்டையோடு குந்திவிட்டார்கள். மேலே ஏழெட்டுப் புறாக்கள். பாரம் தாங்காமல் கிளைகள் எங்கள் முகத்துக்கு நேரே வளைந்து தொங்கின. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இலையைப் பிய்த்துப் பிய்த்து விழுங்கின. வெயில் பட்டுக் கழுத்து பச்சையாகவும் ஊதாவாகவும் மாறியது. நான் நிலத்தில் கிடந்து பார்த்த வானங்களில், கொல்ல வராமல் சாப்பிட வந்த ஒன்றை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

மாணிக்கண்ணை குப்புறக் கிடந்தபடி ஒரு கண்ணால் மேலே பார்த்தார். "புறாவோ?" என்று கிசுகிசுத்தார்.

"ஓம் அண்ணை. புறா."

அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அழுதுகொண்டிருந்தார். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் அதே நிலைதான். சரிவு புறாவுக்கே இருக்கட்டும் என்று மூத்த அதிகாரி குந்தியபடியே சொன்னார். உரத்துச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

எனக்கு வேலை நிரந்தரமானது. மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் இப்போது தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், அது வேறு கதை. பெவ் ஓய்வு பெற்று, பிறகு காலமானார். லூசர்ன் நெடுநாள் மரம் அல்ல. இருபது வருடத்துக்குள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. அதோடு அந்த நிலத்தின் கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கீர்த்தனாவின் படத்தைக் கண்டபோதுதான் விளங்கியது. புறா வந்து குந்தியது வரம்பில் நின்ற மரங்களில். பழம் இருக்கிற காலத்தில் பெரிய காட்டில் தின்றுவிட்டு வந்தும் அங்கேதான் எச்சம் போட்டது. அந்தப் பெரிய கொட்டைகளை முழுதாக விழுங்கிக் கொண்டுவர இந்த நாட்டில் அதைவிட வேறு பறவை அநேகமாக இல்லை. கொட்டை விழுந்தது எங்கள் வரம்பில், மாணிக்கண்ணை உடைத்துக் குவித்த மண்ணில். பாத்திக்குள் விழுந்தவை குளிர்காலத் தண்ணீரில் அழுகியிருக்கும், அங்கே இப்போதும் கோரைதான். வரம்பெல்லாம் காட்டு மரம். ஒரு மனிதக் கை படாமல், எங்கள் வெங்காயப் பாத்தியின் அச்சில் ஒரு காடு எழும்பி நிற்கிறது.

மாணிக்கண்ணை இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிறார். புனிதமக்கா போன பிறகு மனுகாவுக்குப் பக்கத்தில் முதியோர் இல்லத்தில். கீர்த்தனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கைபேசியை அவர் மடியில் வைத்து, விரலால் பெரிதாக்கிக் காட்டினாள்.

"தாத்தா, இது நீங்க கட்டின பாத்தி. மேல இருந்து எடுத்தது."

அவர் வெகுநேரம் பார்த்தார். விரலை ஒரு கோட்டில் வைத்து மெதுவாக நகர்த்தினார், மூலையில் திருப்பினார், அடுத்த கோட்டில் போனார். வரம்பில் நடக்கிறார் என்று கண்டுகொண்டேன்.

"உந்தப் பெரிய மரமெல்லாம் ஆர் நட்டது?"

"புறா, அண்ணை."

தலையை ஆட்டினார். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை. விரல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் நின்றது.

"இஞ்ச பார் பிள்ளை" என்று கீர்த்தனாவைக் கூப்பிட்டார். "இந்த வரிசை கோணலாய் நிக்குதெல்லோ? இது இவன் கட்டினது."

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான். ஒரு வரிசை மரம் மட்டும், பஸ் வளைவில் திரும்புகிற மாதிரி, வளைந்து நின்றது.